இரண்டு ஆங்கிலச் சொற்கள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களின் பட்டியல் ஒன்று நம்மில் அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, பந்தல், மிளகுத் தண்ணீர், அணைக்கட்டு என்று அது நீளும். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிறவரிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்வரை, இந்தப் பட்டியலுக்கு வந்ததும் குரல் ஒரு சுருதி ஏறிவிடுகிறது. போன சொல் போன இடத்தில் என்ன ஆயிற்று, யார் வாயில் என்ன அர்த்தத்தில் புரண்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மகளைக் கடல் கடந்து கட்டிக்கொடுத்துவிட்டு, கட்டிக்கொடுத்திருக்கிறோம் என்பதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மாதிரிதான். அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

விக்டோரியா காலத்து ஆங்கிலக் கதை ஒன்றைச் சமீபத்தில் தமிழில் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகத்தான கதை ஒன்றும் அல்ல. அதில் மருமகப்பிள்ளை ஒருவன் தன் மாமியாரை ஓரிடத்தில் கேட்டமரான் என்கிறான். நாலு பக்கம் தள்ளி டெர்மகண்ட் என்கிறான். இரண்டும் இன்று ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவரும் வசவுகள். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான்: வாய் ஓயாமல் சண்டைக்கு நிற்கிற பெண்பிள்ளை. ஒரே அர்த்தம் என்றால் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சொல் போதும். ஆனால் அந்த அர்த்தத்துக்கு முன்னும் பின்னும் அகராதி அடுக்கியிருக்கும் மற்ற அர்த்தங்களைப் படித்தால், ஒரு சொல்லோடு தப்பிக்க முடியாது என்று தெரிகிறது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவருக்கு ஒரே உற்சாகம். “கேட்டமரான் நம்ம சொல்லுங்க. கட்டுமரம்னே போட்டுடுங்க. போன பிள்ளை வீடு திரும்புது” என்றார். இந்தக் கட்டுரை ஒரு வகையில் அவருக்குப் பதில்.

கேட்டமரான் நம் சொல் என்பதில் சந்தேகம் இல்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரை மிதவைகளை இந்தப் பெயரால் குறிப்பிடுகிறார். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில்தான் நிற்கும். இடையில் அலை. அந்த அலையைக் கிழித்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். ஆக, வெள்ளைக்காரன் இந்தச் சொல்லை வேடிக்கைக்காக எடுத்துக்கொண்டு போகவில்லை. அதை நம்பி இருந்தான். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல், ஹென்றி யூலோடு சேர்ந்து தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, கட்டு, மரம் என்று சரியாகவே பிரித்துக் காட்டுகிறது.

இதற்குள் சொல் வேறு காரியங்களில் இறங்கிவிட்டிருந்தது. 1804 அக்டோபரில், நெப்போலியன் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கச் சேர்த்துவைத்திருந்த படகுகளைப் புலோன் துறைமுகத்தில் வைத்தே அழிக்க ஆங்கிலேயக் கடற்படை முயன்றது. அதற்காக அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் செய்துகொடுத்தவை சுமார் 21 அடி நீளமுள்ள பெட்டிகள். உள்ளே வெடிமருந்து, வெடிக்கும் நேரத்தை நிர்ணயிக்க ஒரு கடிகார யந்திரம். நீர்மட்டத்தோடு மட்டமாக மிதக்கும். இவற்றுக்கு வைத்த பெயர் கேட்டமரான். பெரிய சேதம் ஒன்றும் விளையவில்லை. பெயர்தான் சரித்திரத்தில் நின்றது. இது இரண்டாவது அர்த்தம்.

அந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மூன்றாவது அர்த்தம் வந்துவிட்டது: சண்டைக்காரக் கிழவி. எப்படி வந்தது என்பதற்கு அகராதிக்காரர்களிடம் இருப்பது ஊகம்தான். சொல்லின் முதல் அசையில் இருக்கும் ‘கேட்’, பூனை, ஆங்கிலக் காதில் விழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நம் காதுக்குக் ‘கட்டு’ கேட்கிற இடத்தில் அவர்கள் காதுக்குப் பூனை சீறியிருக்கிறது. வெடிக்கிற பெட்டியின் ஞாபகமும் சேர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க வழியில்லை.

நான்காவது அர்த்தம்தான் இன்று உலகமெல்லாம் வழங்குவது. 1876இல் நத்தேனியல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு ஒடுங்கிய உடல்களை இணைத்து ஒரு பாய்ப்படகு கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றைத் தோற்கடித்தார். அந்த வகைப் படகுகளுக்குக் கேட்டமரான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பொருளாகப் பார்த்தால் இரட்டைப் படகு பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் நம்முடையது, படகு அவர்களுடையது, பந்தயக் கோப்பை வேறு ஒருவருடையது.

நான்கு அர்த்தங்களிலும் காணாமல் போனது எது என்று பார்த்தால், கட்டு என்ற வினை. கட்டுமரம் என்கிற பொருள் கட்டிய பிறகு கட்டியபடியே இருப்பதல்ல. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள். போகும்போது மறுபடி கட்டுவார்கள். மீனவர்கள் அதை வெறும் மரம் என்றே சொல்வார்கள். மரத்தில் போனான், மரம் வந்துவிட்டது. கட்டுவது அவர்களுக்குத் தினசரிக் காரியம். அதைப் பெயரில் வேறு சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் யாரும் அதை அவிழ்ப்பதில்லை. அவிழ்க்க முடியாத சொல்லாக அது இறுகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளிலும் ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இங்கேயும் அந்த வினை ஓய்ந்துகொண்டிருக்கிறது.

தமிழில் அந்தச் சொல் பத்திரமாக இருந்தது என்று சொல்லவும் முடியாது. கடலில் தூக்கிப் போட்டாலும் கட்டுமரமாக மிதப்பேன், ஜனங்கள் ஏறிப் போகலாம் என்ற பொருளில் மு. கருணாநிதி தன்னைச் சொல்லிக்கொண்டார். எதிர்த்தரப்பு அதையே அவருக்குக் கேலிப் பெயராக ஆக்கியது. மிதப்பதும் சுமப்பதும் பெருமையாக இருந்த சொல், சொல்கிறவன் மாறியதும் வசவாகிவிட்டது. இதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் கேலி செய்தவனுக்கும் கட்டுமரம் என்றால் என்ன என்று தெரியும். ஆங்கில மருமகனுக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி டெர்மகண்ட். இது மரத்திலிருந்து வரவில்லை, தெய்வத்திலிருந்து வந்தது. அதுவும் இல்லாத தெய்வம். 11ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்துப் பிரெஞ்சு வீரகாவியமான ரோலண்டின் பாட்டில், எதிரிகளான முஸ்லிம்கள் மூன்று விக்கிரகங்களைக் கும்பிடுகிறவர்களாகக் காட்டப்படுகிறார்கள். அதில் ஒன்று டெர்வகன். உருவ வழிபாட்டை அடியோடு மறுக்கிற ஒரு மதத்துக்கு, அந்த மதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் ஒரு விக்கிரகத்தைச் செய்து கொடுத்தார்கள். செய்தபின் அதையே உடைத்துக் காட்டினார்கள். எதிரிக்கு ஒரு சாமியைக் கற்பித்துவிட்டு அந்தச் சாமியைத் திட்டுவது எந்த ஊரிலும் சௌகரியமான காரியம்.

இங்கிலாந்துக்கு வந்தபோது டெர்மகண்ட் நாடகமேடைப் பாத்திரமாகிவிட்டது. மேடையில் கத்துவதும் குதிப்பதும் அதன் வேலை. ஹாம்லெட்டில் நடிகர்களுக்குப் புத்தி சொல்லுமிடத்தில், மிதமிஞ்சிக் கூச்சலிடுகிறவனுக்கு உதாரணமாக இந்தப் பெயர் வருகிறது. நான்காம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில் ஷேக்ஸ்பியர் ஒரு ஸ்காட்லாந்து வீரனுக்கே இதை அடைமொழியாகத் தருகிறார். அதுவரை இது ஆண்பிள்ளைக்கும் உரிய சொல்தான். முரடன், ஆர்ப்பாட்டக்காரன் என்று அர்த்தம். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆண்கள் மெதுவாக இதிலிருந்து கழன்றுகொண்டார்கள். மேடையில் டெர்மகண்ட் அணிந்த நீண்ட அங்கி பெண்ணுடை போலத் தெரிந்ததுதான் காரணம் என்பது ஒரு ஊகம். அங்கி ஒரு சாக்கு என்பது என் அபிப்பிராயம். கூச்சலிடுகிற ஆணுக்கு வீரன், தலைவன் என்று வேறு சொற்கள் கிடைத்துவிட்டன; மிச்சமிருந்தது பெண்ணுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு கிளை அர்த்தமும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்கள் பலவற்றுக்கு டெர்மகண்ட் என்று பெயர் வைத்தது. கடைசியாக அந்தப் பெயரைத் தாங்கிய நாசகாரிக் கப்பல் 1943இல் நீரில் இறங்கியது. வீட்டில் வசவாக இருப்பது பீரங்கி பொருத்தியதும் கௌரவமாகிவிடுகிறது. கேட்டமரானும் வெடிமருந்தை ஏற்றிக்கொண்டபோதுதான் சரித்திரத்தில் இடம் பெற்றது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கோபம் ஆயுதமாக இருந்தால் மரியாதை. அதே கோபம் ஒரு கிழவியிடம் இருந்தால் சிரிப்பு.

ஒரு சொல் சடப்பொருளிலிருந்து ஏறிவந்தது. மற்றது தெய்வத்திலிருந்து இறங்கிவந்தது. இரண்டும் சந்தித்த இடம் ஒரே கிழவியின் தலை. சொன்னவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும்: மருமகன், புருஷன், மாலுமி, கதாசிரியன். அவள் தன் வாயால் தன்னைக் கேட்டமரான் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்.

டெர்மகண்டுக்குத் தமிழில் சொல் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. அடங்காப்பிடாரி என்ற சொல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் தெய்வத்திலிருந்து வசவுக்கு வந்த சொல். பிடாரி ஊர்க்காவல் தெய்வம். பட்டாரகன் என்பதன் பெண்பால் தேய்ந்து பிடாரி ஆயிற்று என்பார்கள்; பாம்பு பிடிக்கும் பிடாரனோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் கணக்கில் ஊர் ஊராகப் பிடாரி கோயில்கள் வருகின்றன. ரோலண்டின் பாட்டில் இல்லாத ஒரு சாமியைப் படைத்துக்கொண்டிருந்த அதே 11ஆம் நூற்றாண்டில், இங்கே பிடாரி இறையிலி நிலத்தோடு குடியிருந்தாள். அடங்கா என்ற அடைமொழியை அவளுக்குச் சேர்த்தது எந்தக் காலத்து மருமகன் என்று கல்வெட்டில் இல்லை.

இவ்வளவு பொருத்தமான சொல் கையில் கிடைத்தும் அதை எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் என் ஊர்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற சாலையில் இருக்கிறது சிறுவாச்சூர். வெளியூர்க்காரர்களுக்கு இது மதுரகாளியம்மன் கோயில் ஊர். திங்களும் வெள்ளியும்தான் வழிபாட்டு நாட்கள். அந்த நாட்களில் மாவிளக்குக்கு அரிசி இடிக்கிற சத்தமும் கார்களும் கூட்டமுமாக இருக்கும். மற்ற நாட்களில் சோளக்காட்டுக்கும் வெங்காயக் காட்டுக்கும் நடுவே எந்த ஊரும் போல ஒரு ஊர். மதுர என்பதற்கே இங்கே இரண்டு அர்த்தம் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து வந்தவள் என்று ஒன்று, மதுரமானவள் என்று ஒன்று. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இங்கே வந்து அமர்ந்தாள் என்பது ஊர்க் கதை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி மேற்கே சேரநாட்டு மலைக்குப் போகிறாள்; ஊர்க் கதை காவியத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. எரித்தவள் என்பதும் இனியவள் என்பதும் ஒரே பெயரில் இருக்க முடிகிறது என்பதுதான் நான் கவனிப்பது. ஊரில் யாரும் இதில் முரண்பாடு எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

கதையின் அடுத்த பகுதி இன்னும் விசேஷமானது. காளி வருவதற்கு முன் இங்கே இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதியின் கொடுமையில் அவள் அகப்பட்டிருந்தாள். இரவு தங்க இடம் கேட்டு வந்த காளி மந்திரவாதியை ஒழித்துவிட, செல்லி தன் இடத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். முதல் மரியாதை மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டாளாம். ஒண்டவந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. இரண்டு பெண்தெய்வங்கள் ஓரிடத்தில் இருந்தால் விரட்டல்தான் நடக்கும் என்று தீர்மானித்துக்கொண்ட பழமொழி அது. சிறுவாச்சூர்க் கதை நேர்மாறாகப் போகிறது. ஒருத்தி காப்பாற்றுகிறாள், ஒருத்தி கொடுக்கிறாள். பழமொழியை உண்டாக்கியவர்களும் கதையை உண்டாக்கியவர்களும் வேறு வேறு ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

என் அப்பாயியை ஊரில் அடங்காப்பிடாரி என்றுதான் சொல்வார்கள். இளம்வயதில் தாலியறுத்தவள். இரண்டு ஏக்கர் புஞ்சையும் மூன்று பிள்ளைகளும். வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் நகர்த்துகிற பங்காளிகள். அவளிடம் இருந்த ஒரே ஆவணம் அவள் தொண்டை. விடியற்காலையில் வரப்பில் நின்று அவள் கத்த ஆரம்பித்தால் சாலை வரைக்கும் கேட்கும். “பொம்பளையா அது, பிடாரி” என்று சொல்லிக்கொண்டே பங்காளிகள் மண்வெட்டியோடு திரும்பிப் போவார்கள். திரும்பிப் போனார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு ஏக்கரில்தான் என் அப்பா படித்தார். நான் ஆங்கில அகராதி வாங்கினேன்.

அதே அப்பாயிக்குச் சில வெள்ளிக்கிழமைகளில் சாமி வரும். வந்தால் அதே தொண்டை, ஏறக்குறைய அதே வார்த்தைகள். “என் மண்ணைத் தொட்டவன் வெளங்க மாட்டான்” என்பாள். வரப்பில் சொன்னபோது வாய் என்று பெயர் வாங்கிய வாக்கியம், இங்கே வாக்கு. அதே பங்காளிகள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஆத்தா, கோவிச்சுக்காதே, சொல்லு ஆத்தா” என்று நிற்பார்கள். சின்ன வயதில் இதை நான் வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தின் அர்த்தம் வாக்கியத்துக்குள் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது என்று பிற்பாடு மொழியியல் புத்தகத்தில் படித்தபோது, எனக்கு அது புது விஷயமாக இருக்கவில்லை.

ஒரு தடவை என் அத்தை அவளிடம் போய், இன்னார் உன்னைப் பிடாரி என்று சொன்னார் என்று சொல்லிவிட்டாள். அப்பாயி வெற்றிலையை மென்றபடியே சொன்னாள்: “பிடாரின்னா சொன்னான்? அப்ப கோயில் கட்டுவானா கேளு.”

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பற்றி நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது. டெர்மகண்ட் என்று திட்டுகிறவனுக்கு வெள்ளிக்கிழமை போய் நிற்க ஒரு டெர்மகண்ட் கோயில் கிடையாது. சாமியே பொய். ஆகவே அந்தச் சொல்லுக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. சரிந்து சரிந்து வசவாக மட்டும் மிஞ்சியது. பிடாரி என்று திட்டுகிறவன் இன்னும் முழுசாகத் தப்பித்துவிடவில்லை. சொல்லின் மறுமுனையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திங்களும் வெள்ளியும் அவளுக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு சொல் கெட்டுப்போகாமல் இருப்பதற்கு இலக்கணமோ தனித்தமிழோ செய்வது கொஞ்சம்தான். சொன்னவன் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு இடம் எங்காவது இருக்க வேண்டும்.

இதை வைத்து நாம் பெண்ணின் கோபத்தை மதிக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் தெரியாதவர்கள் என்று ஆரம்பித்துவிடக் கூடாது. அது பழைய பட்டியல் பெருமையின் இன்னொரு அவதாரம். கோபத்தைக் கருவறையில் ஏற்றி வாரத்துக்கு இரண்டு நாள் திறப்பது, மற்ற ஐந்து நாள் அது வீட்டுக்குள்ளும் வரப்பிலும் வராமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடாகவும் இருக்கலாம். சாமி வந்தால் கேட்பேன், நீயாக வந்தால் கேட்க மாட்டேன் என்பதில் மரியாதை எவ்வளவு, தந்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பாயிக்குத் தெரிந்திருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னவள் அவள்.

கதைக்குத் திரும்பினால், டெர்மகண்ட் வருகிற இடத்தில் அடங்காப்பிடாரி என்றே போட்டிருக்கிறேன். இரண்டும் தெய்வத்திலிருந்து விழுந்த சொற்கள். ஒன்று தரையைத் தொட்டுவிட்டது, மற்றது இன்னும் பாதி வழியில் இருக்கிறது. மருமகன் பேச்சில் அது வரும்போது தமிழ் வாசகனுக்குக் கொஞ்சம் உறுத்தட்டும். கேட்டமரான் வருகிற இடத்தில் வாயாடிக் கிழவி என்று சாதாரணமாகப் போட்டிருக்கிறேன்.

நண்பருக்கு இதில் வருத்தம். நம் சொல் நம் கைக்கு வந்தும் நழுவவிட்டுவிட்டேன் என்கிறார். நம் கைக்கு வந்தது நம் சொல் அல்ல என்பதுதான் என் கட்சி. அந்த மருமகன் வாயில் மரமும் இல்லை, கட்டும் இல்லை, அலையில் கடிதம் கொண்டுபோனவனும் இல்லை. ஒரு பூனையின் சீறல் இருக்கிறது, எங்கோ வெடிக்காமல் போன ஒரு பெட்டி இருக்கிறது. அதைக் கட்டுமரம் என்று எழுதினால் ஓசைதான் திரும்பி வரும். அதோடு, விடியுமுன் எழுந்து மரத்தைக் கட்டிக்கொண்டு போனவனின் வேலையை ஒரு மாமியார் வசவுக்கு அடகுவைத்ததாகவும் ஆகும். பட்டியலில் அந்தச் சொல் இருக்கட்டும். பக்கத்தில் நாலு அர்த்தத்தையும் எழுதிவைத்தால் போதும்.